ஆலமரத்து நிழல் எழுந்து போன கதை

நெடுங்கரைப்பட்டி ஆலமரத்தின் நிழல், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு, சத்துணவுத் தட்டைக் கையில் பிடித்திருந்த ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியின் பின்னால் எழுந்து போனது. கட்டிலில் படுத்திருந்தவன் எழுந்து வெளியே போவதுபோலத்தான் போனது. மரம் அங்கேயே நின்றது, இலை ஒன்றுகூட உதிரவில்லை, விழுதுகள் தொங்கிய இடத்திலேயே தொங்கின, கிளையில் இருந்த மைனாக்கள் தங்கள் சண்டையை நிறுத்தவில்லை. கீழே சீட்டாடிக்கொண்டிருந்த ஏழு பேர் தலையில் மட்டும் சுள்ளென்று வெயில் அடித்தது. ரோட்டுக்கு எதிர்ப்புறம் பள்ளிக்கூட வாசலில் கை கழுவிக்கொண்டிருந்த நல்லசிவம் சார், பிள்ளை முன்னால் வர நிழல் பின்னால் வருவதைப் பார்த்தார். மினிபஸ் ஒன்று வந்தது. பிள்ளை நின்றாள், நிழலும் நின்றது. பஸ் போனதும் இரண்டும் ரோட்டைக் கடந்தன.

அந்த ஊரில் நிழல் லேசுப்பட்ட விஷயம் இல்லை. கரிசல் பூமி, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வேலிக்கருவேல்தான், அதன் அடியில் ஆடுகூட நிம்மதியாகப் படுக்காது. ஊரிலிருந்தும் காலனியிலிருந்தும் பஸ் ரோட்டுக்கு வருகிற வழியில் அந்த ஒரே ஆலமரம், அதன் நிழல் ஊருக்கு. காலனிக்காரர்கள் நிழலை மிதிக்கக்கூடாது. மரத்தைத் தொடக்கூடாது என்றால் ஒரு வேலி போதும். நிழலைத் தொடக்கூடாது என்றால் வேலி போட முடியாது, ஏனென்றால் நிழல் நகரும். அதனால் காலனிக்காரர்களின் கால்கள் நகர்ந்தன. காலையில் நிழல் மேற்கே விழும்போது அவர்கள் கிழக்கே சுற்றிப் போனார்கள், சாயங்காலம் நிழல் கிழக்கே விழும்போது மேற்கே சுற்றி வந்தார்கள், உச்சி வெயிலில் ஓடைக்குள் இறங்கி ஏறினார்கள். இப்படி நடந்து நடந்து மரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஒற்றையடிப் பாதைகள் தேய்ந்து வெள்ளையாகக் கிடந்தன. சித்திரையில் நாலு மணிக்கு விளிம்பு எங்கே விழும், மார்கழியில் எங்கே விழும் என்று காலனியில் அகரம் எழுதத் தெரியாத பிள்ளைக்கும் தெரியும். ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு விளிம்போடு என்ன வேலை.

நல்லசிவம் சாருக்கு வயது ஐம்பத்து நான்கு. டவுனிலிருந்து டிவிஎஸ்ஸில் வந்துபோகிறவர். பதினோரு வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் தம்பிராஜ் அவருடைய ஊரை விசாரித்தார், தெருவை விசாரித்தார், மாமனார் பெயரை விசாரித்தார், விசாரித்த வரைக்கும் திருப்தியாகி எவர்சில்வர் செம்பில் மோர் கொடுத்து, வண்டியை மரத்து நிழலிலேயே நிறுத்திக்கொள்ளச் சொன்னார். அன்றிலிருந்து வண்டி அங்கேதான் நின்றது. அந்த மோரைக் குடித்திருக்கக்கூடாதோ என்று அவர் சில நாள் யோசித்ததுண்டு. யோசித்துக்கொண்டே வண்டியை நிறுத்துவார்.

ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் சேர்த்து அவர்தான் வாத்தியார். முப்பத்திரண்டு பிள்ளைகள், பதினாலு பேர் ஊர், பதினெட்டுப் பேர் காலனி. சுவரில் தேசியச் சின்னங்கள் அட்டை தொங்கும், அதில் மூவர்ணக் கொடி, நான்முகச் சிங்கம், புலி, மயில், தாமரை, மாம்பழம், ஆலமரம். அவர் மூங்கில் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒரு ராகத்தில் கேட்பார், பிள்ளைகள் அதே ராகத்தில் பதில் சொல்வார்கள். தேசிய விலங்கு எது? புலி. தேசியப் பறவை எது? மயில். கடைசியாக, இதெல்லாம் யாருக்குச் சொந்தம்? நம் எல்லாருக்கும் சொந்தம். இந்தக் கடைசிக் கேள்வி புத்தகத்தில் கிடையாது. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் வட்டாரக் கல்வி அலுவலர் பார்வையிட வந்த அன்று, பாடம் சீக்கிரம் முடிந்துபோய் அதிகாரி இன்னும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததால், நேரத்தை ஓட்ட அவர் சேர்த்த கேள்வி. அதிகாரிக்குப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து வருடா வருடம் அதைக் கேட்டார், பிள்ளைகள் சொன்னார்கள், சொன்ன வாயோடு வெளியே போய் நிழலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சொன்னதை ஒரு பிள்ளை நம்பக்கூடும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலனியிலிருந்து வரும் தர்ஷிகா என்ற பிள்ளை, பல் விழுந்த வாயோடு எழுந்து நின்று, நம்ம ஊர் ஆலமரமும் அதிலே சேர்த்தியா சார் என்று கேட்டாள். அவர் வருகைப் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், எல்லா ஆலமரமும்தான், உட்காரு என்றார்.

மதியம் சோறு வாங்கியதும் அவள் தட்டோடு ரோட்டைத் தாண்டிப் போய் மரத்தடியில் உட்கார்ந்து முட்டையை உரித்தாள். சீட்டாடியவர்களுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் ஒருவன் வைதான், ஒருவன் அவள் அப்பன் பேரைச் சொல்லி வைதான், ஒருவன் மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தான். கட்டி தட்டில் விழுந்து சோறு மண்ணாயிற்று. அவள் அழவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவளோடு நிழலும் எழுந்தது.

முதல் நாள் ஊர்க்காரர்கள் மேகம் என்றார்கள். இரண்டாம் நாள் கிரகணம் என்றார்கள். மூன்றாம் நாள் கோடாங்கிக்காரரை வரவழைத்தார்கள், அவர் உடுக்கையடித்து, நிழல் கோபித்துக்கொண்டு போயிருக்கிறது, கிடா கேட்கிறது என்றார். கிடா வெட்டினார்கள், கறியை ஊர் தின்றது, நிழல் வரவில்லை. கிராம நிர்வாக அலுவலர் வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்து, மரம் புறம்போக்கில் நிற்கிறது, மரத்துக்குப் பதிவு உண்டு, நிழலுக்குச் சர்வே எண் கிடையாது என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போனார். ஒரு பத்திரிகை நிருபர் வந்து எழுதிக்கொண்டு போனார், அது வானிலைச் செய்திக்குக் கீழே நாலு வரியாக வந்தது. சீட்டாடுகிற ஏழு பேரும் ஆளுக்கொரு குடை கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய மரத்தடியில், ஏழு குடைகளின் ஏழு சின்ன வட்டங்களில் உட்கார்ந்து ஆடினார்கள்.

பள்ளிக்கூடத்தில் நிழல் வசதியாகப் படுத்துக்கொண்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வெந்துகொண்டிருந்த வகுப்புகளைத் தலைமையாசிரியை ஜெயமேரி டீச்சர் வெளியே கொண்டுவந்து உட்காரவைத்தார். ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் அதே நிழலில் அதே வரிசையில் உட்கார்ந்தார்கள், தம்பிராஜின் பேரன் சஞ்சய் அதில் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினான். சாயங்காலம் மணி அடித்தபிறகும் நிழல் முற்றத்திலேயே கிடந்தது, மறுநாள் தர்ஷிகா வந்ததும் அவள் உட்கார்ந்த பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்துகொண்டது. பத்தே நாளில் அதற்கு எல்லாரும் பழகிப்போனார்கள். பழகாத விஷயம் வேறொன்று இருந்தது.

காலனிக்காரர்கள் நேராக நடக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் எதையும் மீறவில்லை. நிழலை மிதிக்கக்கூடாது என்பதுதானே விதி, நிழல் இல்லை, ஆகவே மிதிக்க ஒன்றும் இல்லை. காலையில் நேராகப் போனார்கள், சாயங்காலம் நேராக வந்தார்கள், உச்சி வெயிலில் ஏழு குடைகளுக்கு நடுவே, குடை நிழல்களை மிதிக்காமல், வெகு மரியாதையாக நடந்து போனார்கள். அப்போதுதான் ஊருக்குக் கோபம் வந்தது.

தம்பிராஜ் ஒரு முடிவு செய்தார். நிழல் போனாலும் நிழல் கிடந்த இடம் போகவில்லை. எல்லையில் பிளீச்சிங் பவுடரால் கோடு போடலாம், மணிக்கு ஒரு கோடு, காலையிலிருந்து சாயங்காலம்வரை. பஞ்சாயத்தில் பவுடர் போடுகிற ஆள் காலனிக்காரர், அவரை மரத்தடிக்குள் விட முடியாது. ஊர் இளவட்டங்களே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், வந்து முழித்தார்கள். ஒருவன் வேப்பங்கன்று வரைக்கும் என்றான், ஒருவன் மைல்கல்லைத் தாண்டி என்றான், இரண்டு பேருக்குள் வாய்ச்சண்டை முற்றி வாளி கவிழ்ந்தது. பிறந்ததிலிருந்து அந்த நிழலில் கிடந்தவர்களில் ஒருவனுக்கும் அது எதுவரை கிடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தம்பிராஜ் ஆள் அனுப்பித் தன் டிராக்டரை ஓட்டுகிற பூபாலனை வரச்சொன்னார். பூபாலன் தர்ஷிகாவின் அப்பா.

“ஏலே, மூணு மணிக்கு நெழலு எதுவரைக்கும்டா கெடக்கும்?”

பூபாலன் மரத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், நிதானமாகத் தலையைச் சொறிந்தான்.

“மறந்துபோச்சுங்கய்யா.”

“போன வாரம்வரைக்கும் சுத்திப் போனவந்தானடா நீயி.”

“போன வாரம்வரைக்கும் தெரிஞ்சுதுங்கய்யா.”

அடுத்து அவனுடைய சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், அவருக்கும் மறந்துபோயிருந்தது. களையெடுக்கிற பெண்களுக்கு மறந்துபோயிருந்தது. கண் தெரியாத கிழவர் ஒருவர், வெயிலின் சூட்டை வைத்தே விளிம்பைச் சொல்லக்கூடியவர், தனக்கு அப்படி ஒரு மரம் இருந்ததே ஞாபகம் இல்லை என்றார். ஒரே நாளில் ஒரு தெரு முழுவதும் மறந்துபோனதை ஊர் புரிந்துகொண்டது. மறுநாள் பூபாலனிடமிருந்து டிராக்டர் சாவியை வாங்கிக்கொண்டார்கள், மிளகாய்க்காட்டில் காலனி ஆட்களை இறங்கவிடவில்லை, கடைக்காரர் சரக்கு இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார், பால்காரர் காலனிப் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை. காலனிக்காரர்கள் பத்து மைல் தள்ளி வேலை தேடிப் போனார்கள். போகும்போதும் வரும்போதும் நேராக நடந்தார்கள்.

இருபது நாள் கழித்து தம்பிராஜ் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். நிழல் அவர் மேல் விழாமல் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டதை அவரும் கவனித்தார், நல்லசிவமும் கவனித்தார், இருவரும் கவனிக்காததுபோல இருந்தார்கள்.

“ஒங்களக் கொற சொல்ல வரல சார். நீங்க நம்மாளு. பாடத்துல ஒரு வரி கூடச் சொல்லிட்டீங்க, அத எடுத்துட்டாப் போதும்.”

நல்லசிவம் அது பாடத்தில் உள்ளதுதான் என்று மெல்லிய குரலில் சொல்லிப்பார்த்தார்.

“பொஸ்தகத்துல இல்லையே சார். எம் பேரன எடுத்துக் காட்டச் சொல்லிப் பாத்தேன். புலி இருக்கு, மயிலு இருக்கு, யாருக்குச் சொந்தம்னு எங்கயும் இல்ல. பொஸ்தகம் போட்டவன் வெவரமானவன்.”

விஷயம் இதுதான் என்று விரலை மடக்கிச் சொன்னார். திங்கட்கிழமை ஊர் கூடி வரும், அவர்கள் முன்னால் அதே பிள்ளைகளுக்கு அதே ராகத்தில் திருத்திச் சொல்லிக்கொடுக்கவேண்டும். சொன்னால் டிராக்டர் சாவி திரும்பிப் போகும், கடை திறக்கும், பால் போகும். சொல்லாவிட்டால் பதினாலு பிள்ளைகளுக்கும் டிசி வாங்கிக்கொள்வார்கள், மீதியை வைத்துப் பள்ளிக்கூடம் நடத்த முடிந்தால் நடத்திக்கொள்ளலாம். அவர் போன பிறகு ஜெயமேரி டீச்சர் சுற்றி வளைக்காமல் பேசினார்.

“ஒரு வரி சார். பதினாலு டிசி கிழிச்சா இந்தப் பள்ளிக்கூடத்த இழுத்து மூடிருவாங்க. காலனிப் பிள்ளைங்க அப்புறம் எங்க போவும்? நீங்க சொன்னப்ப யோசிச்சா சொன்னீங்க? சொல்றதுக்கு இல்லாத யோசனை திருப்பிச் சொல்றதுக்கு மட்டும் எதுக்கு?”

அது அவரைச் சுட்டது, ஏனென்றால் உண்மை. அன்று சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனபோது பூபாலன் ரோட்டோரம் நின்றிருந்தான். வெயிலில் நின்ற வண்டியின் சீட்டு கொதித்தது. பூபாலன் கும்பிடவில்லை. பாப்பா ஒன்று கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் கேட்க வந்தேன் என்றான்.

“சார் சொன்னது நெசமாப்பான்னு கேட்டா. நெசமா சார்?”

“புத்தகத்துல...” என்று தொடங்கினார்.

“பொஸ்தகத்தக் கேக்கல சார்.”

நல்லசிவம் சாவியைப் பூட்டில் போட்டார், எடுத்தார். நிஜம் என்றால் பதினோரு வருடம் அந்த நிழலில் வண்டியை நிறுத்தியது என்ன, நிஜம் இல்லை என்றால் இத்தனை வருடம் அந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தது என்ன என்று அவருக்குள் இரண்டு பக்கமும் இடித்தது. பூபாலன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். திங்கட்கிழமை என்ன செய்யவேண்டும் என்று தான் சொல்லப்போவதில்லை என்றும், சார் திருத்திச் சொன்னால் தெருவுக்கு வேலை கிடைக்கும், சொல்லாவிட்டால் பிள்ளை தலை நிமிரும், இரண்டில் எது பெரிசு என்று கணக்குப் போட தனக்குப் படிப்பு இல்லை என்றும் சொல்லிவிட்டு, மரத்தடி வழியாக நேராக நடந்து போனான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஊர் வந்தது. ஆண்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நின்றார்கள், குடை வைத்திருந்தவர்கள் குடையோடு நின்றார்கள். காலனியிலிருந்து யாரும் வரவில்லை, பிள்ளைகளை மட்டும் அனுப்பியிருந்தார்கள். முப்பத்திரண்டு பிள்ளைகளும் நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அட்டையைக் கொண்டுவந்து கொடிக்கம்பத்தில் மாட்டியிருந்தார்கள். நல்லசிவம் மூங்கில் குச்சியை எடுத்தார். புலியைத் தொட்டார், பிள்ளைகள் சொன்னார்கள். மயிலைத் தொட்டார், சொன்னார்கள். ஆலமரத்தைத் தொடப் போன குச்சி தவறி மாம்பழத்தில் பட்டது, அந்தத் தவறைக் கூட்டத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்றுதான் அவர் அந்த நேரத்திலும் எண்ணினார். பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் தன் மேல் அவருக்கு அருவருப்பு வந்தது.

“நெடுங்கரைப்பட்டி ஆலமரம் ஊருக்குச் சொந்தம். சொல்லுங்க.”

பிள்ளைகள் சொன்னார்கள்.

“அதன் நிழல் ஊருக்குச் சொந்தம். சொல்லுங்க.”

சொன்னார்கள். ராகம் பிசகவில்லை. ஊர்ப் பிள்ளைகள் சொன்ன அதே சத்தத்தில் காலனிப் பிள்ளைகளும் சொன்னார்கள், தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்கள், கடைசி எழுத்தை வழக்கம்போல நீட்டிச் சொன்னார்கள். தன் வார்த்தையை யாரும் நம்புவதில்லை என்று இத்தனை வருடமாக எண்ணியிருந்தவர், இப்போது பதினேழு காலனிப் பிள்ளைகள் தன் கண்ணெதிரே அதை நம்புவதைப் பார்த்தார். பதினெட்டாவது பிள்ளை வாயைத் திறக்கவில்லை. தர்ஷிகா புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள், பையைத் தோளில் மாட்டினாள், எழுந்தாள்.

நிழலும் எழுந்தது. வெயில் முப்பத்தொரு பிள்ளைகள் மேலும் ஒரே நொடியில் விழுந்தது. கூட்டம் வழிவிட்டது, நிழல் மரத்துக்குத்தான் போகிறது என்று சிலர் சிரித்தார்கள், ஒருவன் விசிலடித்தான். அவள் ரோட்டைக் கடந்தாள், மரத்தடிக்கு வந்தாள், நிற்காமல் அதைத் தாண்டினாள். நிழல் அந்தப் பெரிய மரத்தை, அறிமுகம் இல்லாத ஒருவரைக் கடந்து போவதுபோலக் கடந்து, அவள் பின்னால் காலனிக்குள் போயிற்று.

தம்பிராஜ் வாக்கு மாறுகிறவர் இல்லை. அன்றைக்கே சாவி திரும்பிப் போனது, கடையில் சரக்கு வந்துவிட்டது, பால்காரர் வண்டியைத் திருப்பினார். நிழல் திரும்பவில்லை, ஆனால் வாத்தியார் தன் வேலையைச் செய்துவிட்டார், அதற்கு மேல் அவரை ஒன்றும் சொல்வதற்கில்லை என்று ஊர் ஒத்துக்கொண்டது. ஒரு மாதம் பார்த்துவிட்டு, மரத்துக்கு அடியிலேயே நாலு கம்பி நட்டுத் தகரம் போட்டார்கள். தகரத்துக்கு நிழல் இருந்தது, சின்ன நிழல், பத்துப் பேர் உட்காரலாம். காலனிக்காரர்கள் அதைச் சுற்றிப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதைச் சுற்ற அதிகமாக எட்டடி நடக்கவேண்டியிருந்தது. சிலர் நடந்தார்கள். சிலர் தகரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகப் போனார்கள், அவர்களோடு வாரத்துக்கு ஒரு சண்டை நடந்தது, மண்டை உடைந்தது, போலீஸ் ஜீப் வந்துபோனது. வண்டியைத் தகரத்தடியில் நிறுத்தச் சொல்லி நல்லசிவத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வெயிலிலேயே நிறுத்தினார். அதனால் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை என்று அவருக்கே தெரியும்.

தர்ஷிகா மூன்று வாரம் வரவில்லை. நாலாவது வாரம் வந்தாள். நிழலைக் காலனியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். தன் இடத்தில் உட்கார்ந்தாள், சிலேட்டை எடுத்தாள், எழுதச் சொன்னதை எழுதினாள். திருப்பிச் சொல்லச் சொன்னால் மட்டும் சொல்லமாட்டாள். தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்று அவர் சொன்ன அன்று, முப்பத்தொரு வாய் அதைத் திருப்பிச் சொல்ல, அவள் எழுந்து குழாயடிக்குப் போய் தண்ணீரைத் திறந்துவிட்டு, அது ஓடுகிற திசையை வாய்க்கால் முடிகிறவரை கூடவே நடந்து பார்த்து, திரும்பி வந்து உட்கார்ந்து, ஒருமுறை தலையசைத்தாள். மூன்றும் இரண்டும் ஐந்து என்றால் புளியங்கொட்டையை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். எறும்புக்கு ஆறு கால் என்றால் எறும்பைப் பிடித்தாள். அவர் கண்டிக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் சொன்னபிறகு அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது, அவள் தலையசைக்கும்வரை அடுத்த வரிக்குப் போக நாக்கு எழவில்லை.

மார்கழியில் ‘நமக்கு உதவுபவர்கள்’ பாடம் வந்தது. தபால்காரர் கடிதம் கொண்டுவருவார் என்றார். அவள் யோசித்துத் தலையசைத்தாள். உழவர் உணவு தருவார் என்றார், தலையசைத்தாள். அதற்குக் கீழே இருந்த வரியை அவர் மனதுக்குள் ஒருமுறை படித்தார், பக்கத்தைத் திருப்பிவிடலாம் என்று விரலை வைத்தார், பிறகு வாய்விட்டே படித்தார்.

“ஆசிரியர் நமக்கு நல்லதைச் சொல்லித் தருவார்.”

பிள்ளைகள் நீட்டி முழக்கிச் சொல்லி முடித்தார்கள். தர்ஷிகா சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். எழுந்து போய்ப் பார்த்துவர இதற்குக் குழாயடி இல்லை, எண்ணிப் பார்க்கப் புளியங்கொட்டை இல்லை. அவர் புத்தகத்தைப் பிடித்தபடி நின்றார். சாப்பாட்டு மணி அடித்தது, முப்பத்தொரு பிள்ளைகளும் தட்டோடு வெளியே ஓடினார்கள். அவள் அதே இடத்தில் உட்கார்ந்து இன்னும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.